பல்சக்கரத்துக்குப் போட்ட மாலை

எனக்கு இப்போது எட்டரை விரல். வலது கையில் சுண்டுவிரல் முழுதாகவும் மோதிர விரல் பாதியாகவும் போய்விட்டன. புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் கையைப் பார்ப்பார்கள், அப்புறம் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் "எப்பிடிங்க ஆச்சு?" என்பார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் கதை சொல்லிவிட்டு, அடுப்பில் சோறு ஆறிப்போச்சு என்று என் மனைவி பாக்கியத்திடம் ஏச்சு வாங்குவேன். "எழுதி வச்சிருங்க. கேக்கிறவங்க கையில குடுத்திரலாம்" என்று சொன்னவளும் அவள்தான். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேனா பிடிக்க மூன்று விரல் போதும், அந்த மூன்றும் பத்திரமாக இருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு நாள் கிடந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சிரித்த நாட்கள் வேறு இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டம் மஸ்கெலியாப் பக்கம். எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். மாடியில் வாடிய கொழுந்து கீழே இறங்கி வரும். அதை உருட்டிச் சாறு கசியவைக்கும் ரோலர் மெசினுக்கு ஆள் நான். மெசினின் பல்சக்கரங்களை ஒரு கம்பிக் கூடு மூடியிருக்கும், கையோ துணியோ உள்ளே போய்விடாமல் இருப்பதற்காக. எல்லா மெசினையும் ஓட்டுகிற எஞ்சின் சுவருக்கு அந்தப் பக்கம். அதற்குப் பொறுப்பு வேலு. எஞ்சினைத் திருப்புமுன், அதாவது ஓடவிடுமுன், அவன் மூன்று தடவை மணி அடிக்க வேண்டும். அந்த வேலுவுக்கும் என் தங்கச்சி செல்லம்மாவுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி, வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தோம்.

ஆயுத பூசை முடிந்து நாலைந்து நாள் இருக்கும். மாடியில் ஒரு பெல்ட் அறுந்து, அதைப் பொருத்துவதற்காக எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். மேலே சுத்தியல் சத்தம். நான் ரோலர் பக்கத்தில் நின்றேன். திடீரென்று எல்லாம் சுற்ற ஆரம்பித்தது. என் கை சக்கரத்துக்குள் இருந்தது. வலி உடனே வரவில்லை. யாரோ கத்துகிறார்கள், யார் இப்படிக் கத்துவது என்று பார்த்தால், நான்தான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கையைச் சுற்றிக் கட்டும்போது எங்கள் டீமேக்கர் ஐயா ஓடிவந்தார். ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு. "ராமையா, மணி கேட்டுச்சா?" என்றார். "கேக்கலீங்க" என்றேன். பொய் இல்லை, எனக்குக் கேட்கவில்லை. மாலைக்குள் வேலுவை எஞ்சினை விட்டு இறக்கி, கையில் மம்பட்டியைக் கொடுத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் மணி அடித்தேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னானாம். அப்புறம் வாயைத் திறக்கவே இல்லையாம்.

கொழுந்து லொறியிலேயே என்னை டிக்கோயாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரி. முதலில் எக்ஸ்ரே. எலும்பைப் படம் பிடிப்பது, வலிக்காது. ஆனால் நொறுங்கிய கையைப் பலகையில் விரித்து வை என்பார்கள், வலி அங்கேதான். பிறகு ஏற்பு ஊசி. மண்ணும் கிரீசும் பட்ட காயத்திலிருந்து உடம்புக்குள் நஞ்சு ஏறினால் தாடை இறுகி, முதுகு வில்லாக வளைந்துவிடும், அது வராமலிருக்க இந்த ஊசி. முதலில் தோலுக்குள் ஒரு சொட்டு விட்டு, தடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் போட்டார்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் விரல் நகங்களை ஒவ்வொன்றாக அமுக்கி அமுக்கி விட்டார். "நகத்தை அமத்தினா வெள்ளையாகும். விட்டவுடன சிவக்கவேணும். சிவந்தா இரத்தம் ஓடுது எண்டு அர்த்தம்" என்றார். பெருவிரல் சிவந்தது. சுட்டுவிரல் சிவந்தது. நடுவிரல் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிவந்தது. மற்ற இரண்டும் வெள்ளையாகவே இருந்தன. "இதுகளை விட்டு வைச்சா சதை செத்து, மிச்சக் கையையும் கேக்கும். எடுக்கத்தான் வேணும். பயப்பிடாதையும்" என்றார். நான் பயப்பட்டேன். முகத்தில் மூடி வைத்து, மயக்க மருந்தை மூச்சில் இழுக்கச் சொல்லி, எண்ணச் சொன்னார்கள். ஏழுவரை எண்ணினேன். கண் விழித்தபோது வாய் முழுக்க ஒரு கசப்பு. கை ஒரு கம்பத்தில் மேல்நோக்கிக் கட்டியிருந்தது. வீக்கம் வடிவதற்காக அப்படி.

வாட்டில் பக்கத்துக் கட்டில்காரர் குணதாச. அட்டன் வீதியில் லொறி ஓட்டுகிற சிங்களவர். கால் முறிந்து, தொடை வரைக்கும் மாக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். கண் திறந்து நான் கேட்ட முதல் வார்த்தை அவருடையது. "மாத்தயா, கைய எறக்குங்க. பள்ளிக்கூடம் முடிஞ்சிட்டுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, தையல் இழுத்து, அழுகையும் வந்தது.

அந்த மனிதரை என்னவென்று சொல்வது. வலது கை மேலே தொங்குகிறது, இடது கையால் சோறு தின்ன எனக்கு மனம் வரவில்லை. பாக்கியம் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும், அவளுக்கும் மலையில் வேலை. முதல் நாள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்திருந்தேன். குணதாச பார்த்தார், தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், பிசைந்து உருட்டி, "கன்ன, கன்ன" என்று வாயில் வைத்தார். சாப்பிடு என்று அர்த்தம். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினால் மூக்கில் வைப்பார். பத்து நாள் அவர் கையால்தான் சாப்பிட்டேன்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போட்டார்கள். காயத்தில் சீழ் வைக்காமல் தடுக்கிற மருந்து. ஊசி வண்டி உருளும் சத்தம் கேட்டாலே எனக்கு இடுப்பு இறுகும். அந்தச் சமயத்தில் பேச்சுக் கொடுக்கத்தான் குணதாச ஒரு விளையாட்டைத் தொடங்கினார். வாட்டில் இருந்த பாதிப் பேர் விழுந்து எழும்பி வந்தவர்கள். ஒவ்வொருவரும் தன் விபத்து ஏன் நடந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னவுடன் அவர், "அதுக்கு முன்ன?" என்று கேட்பார். பதில் சொன்னால் மறுபடியும் "அதுக்கு முன்ன?" முதலில் தன் கதையையே சொன்னார். லொறி வளைவில் புரண்டது, பிரேக் பிடிக்கவில்லை. அதுக்கு முன்ன? ரோடு ஈரம். அதுக்கு முன்ன? அவசரம். அதுக்கு முன்ன? சின்னம்மா வீட்டில் பலாக்காய்க் கறி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. "எங்கட முதலாளி பிரேக்குக்கு ஏசுறாரு. என் கால ஒடச்சது பலாக்காய்" என்றார். மருந்து கட்ட வந்த நேர்ஸ் அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

என் முறை வந்தது. சக்கரம் கையைப் பிடித்தது. அதுக்கு முன்ன? எஞ்சின் திரும்பியது. அதுக்கு முன்ன? மணி அடிக்கவில்லை. எனக்கு அதோடு கதை முடிந்துவிட்டது. ஆனால் குணதாச விடவில்லை.

"மணி அடிக்க இல்ல, சரி. சக்கரம் எழும்பி வந்தா கைய புடிச்சது? கை ஏன் அங்க போச்சு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்றால் கை கட்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன். அரை நாள் அவரோடு பேசவில்லை. பேசாமலிருந்த வாய்க்கும் அவர் சோறு ஊட்டினார்.

கை ஏன் அங்கே போனது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம். ஆயுத பூசையன்று ஸ்டோரைக் கழுவி, ஒவ்வொரு மெசினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவோம். எண்ணெயிலும் சாற்றிலும் ஊறி நமக்குச் சோறு போடுகிற சக்கரத்துக்கே பொட்டு வைக்க வேண்டும், மூடியிருக்கும் கம்பிக்கு வைத்து என்ன பயன் என்று கூட்டைக் கழற்றி, சக்கரத்துக்கு நேர் மேலே சட்டத்தில் மாலையைத் தொங்கவிட்டவன் நான். எங்கள் ஸ்டோரில் இன்னொரு வழக்கமும் உண்டு. சாமிக்குப் போட்ட மாலையைக் கையால் எடுக்கக்கூடாது, தானாகக் காய்ந்து உதிர வேண்டும். கூட்டைத் திரும்ப மாட்டினால் மாலை நசுங்கும். அதனால், காயட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு நாள் மெசின் கூடு இல்லாமல் ஓடியது. அன்றைக்கு மாலையின் ஒரு பக்கம் அறுந்து பல்லுக்குள் தொங்கியது. பிடுங்கிப் போட்டிருந்தால் ஒரு நொடி வேலை. பிடுங்கக்கூடாதே என்று, உள்ளே கைவிட்டு, பக்குவமாக மேலே தூக்கிச் சொருகிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் குடியிருக்கும் லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்களாம். எனக்குச் சனி பிடித்திருக்கிறது என்றார்கள். பூசணிக்காய் சரியாக உடையவில்லை என்றார்கள். சாமிக்கு ஏதோ குறை என்று ஒருவர் மட்டுமல்ல, பத்துப் பேர் சொன்னார்கள். குறை வைக்காமல் கும்பிட்டதில்தான் கை போனது என்று எனக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்லவும் பயம். கூட்டைக் கழற்றியவன் நான் என்றால் பிழை என்னுடையது. ஸ்டோர் வேலை போய்விடும். ஒன்றரை விரல் போன கையோடு மம்பட்டி பிடிக்கவும் முடியாது.

அந்த ஞாயிறு அப்பா வந்தார். கட்டிலருகே நின்று என் கையைப் பார்த்தார். அவருக்கு அழத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும்.

"கல்யாணம் இல்லேன்னு சொல்லிட்டேன்" என்றார். "மணியடிக்காம எஞ்சினத் திருப்புற பயலுக்கா எம் பொண்ணு? நாளைக்கு அவளையும் இப்பிடித்தான் பாத்துக்குவான்."

"செல்லம்மா என்னாப்பா சொல்லுது?"

"அவ என்னா சொல்றது. ரெண்டு நாளா சாப்புடல. பசிச்சாச் சாப்புடுவா."

சொல்ல வேண்டியது வாய்க்குள் இருந்தது, விழுங்கிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஆஸ்பத்திரி வேலையாள் ஒருவர் என் கட்டிலில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போவார். நாலு தோடம்பழம். யார் கொடுத்தது என்றால், "கேட்டடியில ஒரு பொடியன் குடுத்திட்டுப் போறான், உள்ளுக்கு வரச்சொன்னா ஓடுறான்" என்பார். சட்டையெல்லாம் மண் என்றும் சொன்னார். மலையில் மம்பட்டி போடுகிற ஆள் என்று புரிந்தது. குணதாச உரித்து ஊட்டினார். புளித்ததா இனித்ததா என்று எனக்கு நினைவில்லை.

மூன்றாவது வாரம் தோல் ஒட்டினார்கள். உள்ளங்கையில் தோல் போன இடத்துக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவது. ஒட்டிக்கொண்டால் புதுத் தோல், ஒட்டாவிட்டால் மறுபடியும் சீவல். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்த டாக்டர், "பிடிச்சிட்டுது" என்றார். இனி உள்ளங்கையில் முடி வளரும், சீப்பு வாங்கி வை என்று குணதாச என்னைக் கலாட்டா பண்ணினார்.

அடுத்த ஞாயிறு பாக்கியத்தோடு செல்லம்மா வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். பாக்கியம் மீன் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள், குணதாசவுக்கும் ஒரு துண்டு வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே பழக்கதோஷத்தில் செல்லம்மாவைக் கேட்டார். "தங்கச்சி, நீங்க சொல்லுங்க. மணி ஏன் அடிக்க இல்ல?"

செல்லம்மா முந்தானையைத் திருகினாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அவங்க அடிச்சாங்கண்ணே. சத்தந்தான் வரல."

"ஏன் வரல?"

"பூசைக்கு நான் ஒரு மால கட்டிக் குடுத்தேன். தனியா. எஞ்சினுக்குப் போடச்சொல்லி. அவங்க அத எஞ்சினுக்குப் போடல. மணியோட நாக்குல சுத்திக் கட்டிட்டாங்க. தெனம் தொடுறது அதத்தானேன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. கல்யாணத்துக்கு முந்தியே மால குடுத்தவள்னு ஊரு என்னையத்தான் பேசுமாம்."

பாக்கியம் கையில் மீன் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எல்லாம் விளங்கியது. எஞ்சின் சத்தத்தில் வேலு பாதிச் செவிடு, மணி கணீர் என்றதா டொக் என்றதா என்று அவனுக்குத் தெரியாது. விடியற்காலையில் எஞ்சினைத் திருப்பும்போது நாங்கள் யாரும் மெசினுக்குள் கை வைப்பதில்லை, அதனால் நாலு நாளும் ஒருவரும் கவனிக்கவில்லை. இந்தப் பயல் வேலையையும் விட்டான், பெண்ணையும் விட்டான், அவள் பேரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நானோ என் வேலைக்காக வாயை மூடிக்கொண்டு, அவன் வாங்கித் தந்த பழத்தைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

"அடுத்த ஞாயிறு அப்பாவக் கூட்டிட்டு வா" என்றேன். டீமேக்கர் ஐயாவுக்கும் சொல்லியனுப்பினேன்.

வந்தார்கள். விசாரணையை எழுதி முடித்துத் துரையிடம் கொடுக்க வேண்டியிருந்ததால் டீமேக்கர் ஐயா ஒரு கொப்பியும் கொண்டுவந்திருந்தார். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பாக்கியம் என் காலைப் பிடித்துக்கொண்டாள். போன ஞாயிறே அவள் காதில் எல்லாம் சொல்லியிருந்தேன். "வேல போனாப் போவட்டும், நான் பறிக்கிற கொழுந்து போதும்" என்று அவள் சொன்ன தைரியத்தில்தான் பேசினேன்.

"ஐயா, கூட்டக் கழட்டுனது நாந்தாங்க. மால காயட்டும்னு திரும்ப மாட்டல. கையையும் நாந்தான் உள்ள விட்டேன். கூடு இருந்திருந்தா மணியே இல்லாட்டியும் எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

டீமேக்கர் ஐயாவின் பேனா நின்றது. "நாலு நாளும் அந்தப் பக்கம் போனேன் ராமையா" என்றார். "கூடு இல்லைன்னு பார்த்தேன். பார்த்துட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போனேன்."

"மணியும் அடிச்சிருக்குங்க. நாக்குல மால சுத்தியிருந்ததால சத்தம் எழும்பல."

"அது இன்னமும் இருக்கு" என்றார் அவர், தனக்குத்தானே பேசுவதுபோல. "புது ஆள் அதத் தொட மாட்டேங்கிறான். மணிய நம்பாம சுவருக்கு மேலால கத்துறான்."

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "மணிக்கு மால கட்டுன மடையன் எவன்? எவ குடுத்த மால அது?"

செல்லம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "நாந்தாம்ப்பா கட்டிக் குடுத்தேன்."

அப்பா கையை ஓங்கவில்லை, ஆனால் ஓங்கப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, எங்கள் வழக்கம் எதுவும் தெரியாத குணதாச, மாக்கட்டுக் காலைத் தட்டிக்கொண்டு, "அதுக்கு முன்ன? பூ எங்க இருந்து?" என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்பா செவ்வந்திப் பாத்தி வைத்திருக்கிறார். ஒரு பூவைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்பார். பூசைக்கு முதல் நாள், ஸ்டோர் சாமிக்கு என்று செல்லம்மா கேட்டபோது, அவரே குனிந்து, நல்ல பூவாகப் பார்த்து, ஒரு கூடை பறித்துக் கொடுத்திருக்கிறார்.

"எம் பூவா?" என்றார் மெதுவாக.

பாக்கியம்தான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முந்தானையை வாயில் வைத்து, முடியாமல் சிரித்தாள். அப்புறம் நான். அப்புறம் டீமேக்கர் ஐயா, கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு. குணதாசவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனால் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அப்பா கடைசியாகச் சிரித்தார். சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, அது நிற்கவே இல்லை. அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டீமேக்கர் ஐயா கூடு இல்லாததைத் தானும் கண்டும் காணாமல் இருந்ததாகத் தன் கையால் எழுதிக்கொண்டார். துரை ஏசினாராம், எல்லோரையும்தான். வேலுவை எஞ்சினுக்குத் திரும்ப எடுத்தார்கள். எனக்கு ரோலர் போய், தூள் சலிக்கும் இடத்தில் மேற்பார்வை கிடைத்தது. இப்போதும் ஆயுத பூசைக்கு மாலை போடுகிறோம், கூட்டுக்கு மேலே.

கிளம்பும் நாள் குணதாச என் வாயில் ஒரு பிடி சோறு வைத்துத்தான் அனுப்பினார். கை அப்போது கீழே இறங்கியிருந்தது, நானே சாப்பிடலாம். இருந்தாலும் வாயைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்தபின்பும் வேலு என் எதிரே வரவில்லை. பாதையில் கண்டால் என் கையைப் பார்ப்பான், தலையைக் குனிந்துகொண்டு மேல் ரோட்டில் ஏறிப் போய்விடுவான். நான் கூப்பிட்டாலும் நிற்கமாட்டான். அப்படியே தை வந்து, அப்பா மறுபடி சம்மதித்த கல்யாண நாளும் வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போடுவது எங்கள் வழக்கம். நடுங்காத கையாக வேறு யாராவது போடட்டும் என்று சிலர் சொன்னார்கள். "எட்டரை விரல் இருக்கில்ல, அது போதும்" என்றார் அப்பா. என் விரல்களுக்கு உணர்ச்சி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு நசுங்கினால் மெதுவாகத்தான் முளைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மோதிரத்தைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வேலு கையை நீட்டினான். மோதிரம் நகத்தில் தட்டி வழுக்கியது. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் வழுக்கியது. சபை முழுக்கப் பார்க்கிறது, என் கை இப்படி ஆடுகிறதே என்று எனக்கு அவமானமாகிவிட்டது.

பாக்கியம் பின்னாலிருந்து குனிந்து, "உங்க கை நேராத்தாங்க இருக்கு" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். நடுங்கியது வேலுவின் கை. இடது கையால் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். நடுக்கம் அடங்கும்வரை பிடித்திருந்து, மோதிரத்தை மெல்ல ஏற்றினேன்.

"ஏறிருச்சா மாப்புள? எனக்குத் தெரியல" என்றேன்.

"ஏறிருச்சு மச்சான்" என்றான். கை போன நாளிலிருந்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.